கை கட்டிய துணி தேடி எண்ணூர் வரை

சென்ற மாதம் நான் எழுதிய வேளாங்கண்ணிக் கட்டுரையைப் படித்துவிட்டு, "சென்னைக்குள்ளேயே அரை நாளில் போய்வருகிற மாதிரி ஓர் இடம் சொல்லுங்கள் டீச்சர்" என்று மூன்று பேர் கேட்டிருந்தீர்கள். எண்ணூர் என்று பதில் போட்டேன். உடனே ஒருவர், "அங்கே என்ன இருக்கிறது, சாம்பலும் லாரியும்தானே?" என்று மடக்கினார். அவர் சொல்வது சரிதான். ஆனால் நான் போன பயணங்களிலேயே நீளமானது எது என்று யாராவது கேட்டால், ராயபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போன அந்த ஒன்பது மைல்தான் என்பேன். அதை எழுதாமல் ரோமாபுரி, லூர்து என்று அளந்துகொண்டிருப்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது. தொண்ணூறு வயதில் இனி யாருக்குப் பயப்பட வேண்டும்? எழுதிவிடுகிறேன்.

வருடம் 1955. தவக்காலம் தொடங்கி இரண்டாவது வாரம், வியாழக்கிழமை. எனக்கு வயது இருபது. ராயபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நைனா துறைமுகத்தில் சரக்கு தூக்கும் வின்ச் ஓட்டினார். அம்மா பெயர் அன்னம்மாள். அண்ணன் சவரிமுத்து என்னைவிட ஆறு வயது மூத்தவன். பதினேழு வயதில் வடக்கே மலை மக்களிடையே நடந்த ஒரு மிஷனுக்குச் சாமியாராகப் படிக்கப் போனான். ஏழு வருடம் படித்து, 1953இல் அங்கேயே குருப்பட்டம் வாங்கினான். குறைந்தபட்சம் எங்களுக்கு வந்த கடிதம் அப்படிச் சொன்னது.

எங்கள் தெருவுக்கே அது பெருமை. அண்ணன் பட்டம் வாங்கிய அன்று அவன் இல்லாமலேயே தெருவில் கொண்டாட்டம் நடந்தது. பந்தல், சீரியல் பல்பு, பேண்டு வாத்தியம் எல்லாம் உண்டு. அவன் புகைப்படத்துக்கு மாலை போட்டு, சின்னச் சப்பரத்தில் வைத்துக் கோயில் வரைக்கும் ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு அம்மாவுக்கு வாழ்க்கையே வேறு. குழாயடியில் அவள் குடத்துக்கு வரிசை கிடையாது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் முதல் வரிசையில் அவளுக்கென்று ஒரு நாற்காலி. மீன்காரி கூட ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு, "சாமியாரு வூட்டுக்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். எனக்கும் அதில் பங்கு கிடைத்தது. தூத்துக்குடியிலிருந்து வந்து யானைக்கவுனியில் மொத்த வியாபாரம் செய்த ஒரு கிறிஸ்தவக் குடும்பம், சாமியாரின் தங்கை என்ற ஒரே காரணத்துக்காக நகை நட்டு எதுவும் கேட்காமல் என்னைப் பெண் கேட்டது. ஈஸ்டர் முடிந்து மூன்றாவது வாரம் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. அந்தக் காலத்தில் குருப்பட்டத்தின்போது ஆயர் புதுச் சாமியாரின் உள்ளங்கைகளில் எண்ணெய் பூசி, இரண்டு கைகளையும் சேர்த்து ஒரு வெள்ளைத் துணியால் கட்டுவார். அந்தத் துணியைச் சாமியாரின் தாயாருக்குக் கொடுப்பார்கள். அவள் சாகும்போது அதைக் கையில் கட்டிப் புதைப்பார்கள். நான் ஒரு குருவைப் பெற்றுக் கொடுத்தேன் என்று ஆண்டவரிடம் காட்ட அதுதான் அவளுக்கு அடையாளம். அம்மா இரண்டு வருடமாக அந்தத் துணிக்காகக் காத்திருந்தாள். தபாலில் அனுப்பக் கூடாது, நேரில் கொண்டுவருகிறேன் என்று அண்ணன் எழுதியிருந்தான். கிராமம் கிராமமாகச் சுற்றுவதால் பதில் போட வேண்டாம் என்றும் எழுதியிருந்தான். நாங்களும் போடவில்லை.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸுக்குப் பிறகு அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். பங்குச் சாமியார் வந்து, சாகப்போகிறவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசினார். அன்றைக்கு அம்மா, தெருப் பெண்கள் எல்லோரும் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் சொன்னாள்.

"அந்தத் துணி என் கையில இல்லாம பொட்டிய மூடிடாதீங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை அண்ணனிடமிருந்து கடிதம் வந்தது. வழக்கமாகக் கடிதம் வந்தால் அம்மா உறையை வாங்கி முத்தமிட்டு, உள்ளே இருக்கும் காகிதத்தை மட்டும் என்னிடம் கொடுப்பாள். உறை நேராக மாதா சுரூபத்தின் கீழே இருந்த தகரப் பெட்டிக்குள் போய்விடும். நான் முன்னறையில் நின்று தெருவே கேட்கும்படி படிப்பேன். அன்றைக்குப் படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். "அம்மாவின் வயிற்று வலி எப்படி இருக்கிறது? வெயிலில் தண்ணீர் பிடிக்க விடாதே" என்று எழுதியிருந்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நாங்கள் யாரும் அவனுக்கு எழுதவே இல்லையே.

அம்மா கண் அயர்ந்ததும் தகரப் பெட்டியைத் திறந்தேன். உறைகள் இரண்டு கட்டாக இருந்தன. ஒரு கட்டு வெள்ளை நூல், இன்னொன்று கறுப்பு நூல். வெள்ளை நூல் கட்டில் எல்லாமே வடக்கத்தி முத்திரை. கறுப்பு நூல் கட்டிலும் மேலே கிடந்த அன்றைய உறையிலும் ஒரே முத்திரைதான் இருந்தது. எண்ணூர். இரண்டு வருடமாக என் அண்ணன் ஒன்பது மைல் தள்ளி இருந்துகொண்டு எனக்கு மலை மக்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அதைத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தெருவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறேன். எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

நைனாவிடம் சொல்லவில்லை. வியாழக்கிழமை காலையில் அம்மாவிடம், எண்ணூர் கோயிலுக்குத் துணி பார்சலில் வந்திருக்கிறதாம், போய் வாங்கிவருகிறேன் என்று ஒரு பொய்யைச் சொன்னேன்.

"புளிசோறு கட்டிகினு போ. ரெண்டு பொட்டலமா கட்டு," என்றாள்.

"எனக்கு ஒன்னு போதும்மா."

"ரெண்டா கட்டுடி. எண்ணூருல இன்னா கெடைக்கும்?"

கட்டிக்கொண்டேன். பையில் இரண்டு பொட்டலம், ஜெபமாலை, திரும்பிவர இரண்டு டிக்கெட்டுக்கு எட்டணா. ஆமாம், இரண்டு டிக்கெட்டுக்கு. அவனைக் காதைப் பிடித்து இழுத்துவந்து அம்மா முன்னால் நிறுத்துவது என்றுதான் கிளம்பினேன்.

ராயபுரம் ஸ்டேஷனில் காலை 7.25க்கு வண்டி. மூன்றாம் வகுப்பு, நாலணா. அப்போது நீராவி வண்டிதான். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கொருக்குப்பேட்டை தாண்டுவதற்குள் வெள்ளைச் சேலை சாம்பல் சேலையாகிவிடும். யார்டில் கரி அள்ளிக்கொண்டிருந்தார்கள். தண்டையார்பேட்டையில் வண்டி காரணமே இல்லாமல் பதினோரு நிமிடம் நின்றது. திருவொற்றியூரில் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போகிற கூட்டம் மொத்தமும் இறங்க, பெட்டி காலியாகிவிட்டது. கந்தக நெடி மட்டும் இறங்கவில்லை. அதற்கப்புறம் வலது பக்கம் பனைமரங்களுக்கு நடுவே விட்டுவிட்டுக் கடல் தெரியும். இடது பக்கம் வெறும் சேறு, புதர். வேறு சமயமாக இருந்தால் ரசித்திருப்பேன். அன்றைக்கு அண்ணனைப் பார்த்ததும் என்ன கேட்பது என்று ஒவ்வொரு கேள்வியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். எண்ணூர் வந்தபோது மணி 8.20.

ஸ்டேஷனுக்கு வெளியே ஒரே ஒரு ஜட்கா நின்றது. ராயபுரத்து ஆள், உயரமாக இருப்பார், பெயர் சவரிமுத்து என்று கேட்டேன். வண்டிக்காரர் தலையைச் சொறிந்தார்.

"சவரிமுத்துன்னு யாரும் இல்லியேம்மா. கடுதாசி எயுதுவாரே, நெட்டையா, மொட்டத் தலையா, அவுரா?"

"கடுதாசியா?"

"உப்பளத்துல வேல செய்றவங்களுக்கெல்லாம் அவுருதான் எயுதிக் குடுப்பாரு. துட்டு வாங்க மாட்டாரு. அவுர சாமின்னு கூப்புடுவோம். குடிக்க மாட்டாரு, பீடி கூட கெடையாது, அதான்."

அங்கேயும் சாமியா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. முகத்துவாரம் வரை ஒன்றரை மைலுக்கு ஆறணா கேட்டார். நாலணாவுக்குப் பேசி ஏறினேன்.

உப்பளம் அக்கரையில் இருந்தது. படகுக்கு ஓரணா, கால் மணி நேரம். படகுக்காரர் அறுபது வயது ஆள். நான் யாரைத் தேடி வந்திருக்கிறேன் என்று கேட்டதும் துடுப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீ அவுருக்கு இன்னா வோணும்?"

"தங்கச்சி."

"அப்ப வந்து இட்டுகினு போயேம்மா. தங்கமான மனுசன். காக்கா வலிப்பு வருது அவுருக்கு. போன மாசம் பாத்தியில குப்புற வுயுந்து கெடந்தாரு. உப்புத் தண்ணி மூக்குல ஏறி, இன்னும் ரெண்டு நிமிசம் வுட்டிருந்தா செத்திருப்பாரு. நாந்தான் தூக்கினு வந்தேன்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் வலிப்பு கிடையாது. அண்ணன் சின்ன வயதில் துறைமுகச் சுவர் மேல் ஓடிக்காட்டியவன். படகுக்காரர் வேறு யாரையோ சொல்கிறார் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அக்கரையில் இறங்கி, வரப்பு வழியாக ஒரு மைல் நடக்க வேண்டும். செருப்பு உதவாது, வழுக்கும். கையில் எடுத்துக்கொண்டேன். வெள்ளைப் பாத்திகளில் வெயில் பட்டுக் கண்ணைத் திறக்க முடியவில்லை. பத்து இருபது பேர் நீளக் கம்பில் பலகை பூட்டி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள். எல்லோருடைய கைகளிலும் கால்களிலும் துணி சுற்றியிருந்தது. உப்பு தோலை அரித்து வெடிப்பு வந்துவிடும். விளக்கெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டால்தான் வேலை செய்ய முடியும். கடைசிப் பாத்தியில் நெட்டையாக ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். நடையை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

"அண்ணாத்தே."

திரும்பினான். பலகையைக் கீழே போட்டான். அடுக்கி வைத்த கேள்வி ஒன்றும் என் வாயில் வரவில்லை. அவன்தான் முதலில் பேசினான்.

"அம்மா போய்ட்டாங்களா?"

"இன்னும் இல்ல."

உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் கொஞ்சம் நிழல் இருந்தது. அங்கே உட்கார்ந்து அவன் சொன்னதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பட்டத்துக்கு நாள் குறித்த பிறகு, ஜனவரியில், அவனுக்கு முதல் முறை வலிப்பு வந்திருக்கிறது. அடுத்த வாரமே பூசை நேரத்தில் எல்லோர் முன்னாலும் மறுபடி வந்திருக்கிறது. வலிப்பு உள்ளவனுக்குப் பட்டம் கொடுக்கச் சபைச் சட்டம் இடம் கொடுக்காது. அவர்கள் நல்லபடியாகவே சொல்லி, வைத்தியம் பார்த்து, தலையை மொட்டையடித்து மருந்து போட்டு (அந்தப் பழக்கத்தை அவன் பிறகும் விடவில்லை), ரயில் டிக்கெட் வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குத்தான் வந்திருக்கிறான். மத்தியானம் சென்ட்ரலில் இறங்கி, நடந்தே ராயபுரம் வந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

"தெருமுனைல பேண்டு சத்தம் கேட்டுச்சு. இன்னா திருநாள்னு பாத்தேன். சப்பரத்துல என் போட்டோ வருது, பிலோமி. மாலயெல்லாம் போட்டு. அம்மா முன்னால மெழுகுவத்தி புடிச்சிகினு வராங்க. நீ பூ போட்டுகினு வர. நான் ஓரமா நின்னு வழி வுட்டேன். நீ என்னத் தாண்டித்தான் போன."

"நான் பாக்கலியே."

"மொட்டத் தலை, இளச்சிப் போயிருந்தேன். யாருக்கும் தெரியல. ஒரு ஆளு என்னத் தள்ளிக்கூட வுட்டான். ஸ்டேசனுக்குப் போயி, வந்து நின்ன வண்டியில ஏறிட்டேன். டிக்கெட் எண்ணூரு வரைக்குந்தான் வாங்க முடிஞ்சுது."

நான் அழவில்லை. அழுதேன் என்று எழுதினால் உங்களுக்கு என் மேல் கொஞ்சம் இரக்கம் வரும், ஆனால் அது பொய். எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. ரெண்டு வருசமா எப்படிடா மனசு வந்துச்சு என்று கத்தினேன். தூரத்தில் வேலை செய்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உப்புப் படகுக்காரர்கள் ராயபுரம் போய்வரும்போதெல்லாம் வீட்டு விஷயத்தை விசாரித்து வரச் சொல்வானாம். அம்மாவின் நாற்காலி, என் கல்யாணம், வயிற்றுக் கட்டி எல்லாம் அவனுக்குத் தெரிந்திருந்தது. அம்மா அந்தத் துணியைக் கேட்கிறாள் என்பது மட்டும் தெரியாது. அதைச் சொன்னேன். தலையைக் குனிந்துகொண்டு தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"வரேன். இப்பவே வரேன்."

"வந்து?"

"சாமியா இல்ல. புள்ளையா வந்து பக்கத்துல குந்திக்கிறேன். அம்மா இன்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

குடிசைக்குள் போய்க் குளித்துவிட்டு, அவனிடம் இருந்த ஒரே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். கைத் துணியையும் மாற்றிச் சுற்றியிருந்தான். கழுத்துப் பொத்தான் இல்லை, ஊக்கு குத்தியிருந்தான். முன்னால் அவன் நடக்க, பின்னால் நான். அந்த ஒரு மைல் வரப்பில் நான் என்ன நினைத்துக்கொண்டு நடந்தேன் என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதலில் அம்மாவை நினைத்தேன். பிறகு தெருமுனையை நினைத்தேன். இவன் மொட்டைத் தலையும் ஊக்கு குத்திய சட்டையுமாக நடந்து வருகிறான். தெருவே வாசலுக்கு வருகிறது. அம்மா சாவதற்கு முன்பே அந்த நாற்காலி போய்விடுகிறது. அதன் பிறகு யானைக்கவுனி வீட்டை நினைத்தேன். சாமியாரின் தங்கை என்றுதானே கேட்டார்கள். வலிப்புக்காரனின் தங்கையை யார் எடுப்பார்கள்? அந்தக் காலத்தில் ஒரு வீட்டில் வலிப்பு என்று தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை வர மாட்டான். நான் நினைத்தது இந்த வரிசையில்தான். ஆனால் படகுத்துறைக்கு வந்து சேர்ந்தபோது கடைசியாக நினைத்தது முதலில் வந்து நின்றுகொண்டது.

படகுக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துச் சந்தோஷமாக, "குந்துங்க, குந்துங்க," என்று பலகையைத் துடைத்துவிட்டார். அண்ணன் ஒரு காலைப் படகில் வைத்தான்.

"அண்ணாத்தே, நீ வர வேணா," என்றேன்.

காலை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

"நீ இப்படி வந்தா அம்மா மனசு ஒடஞ்சு சாவும். பெருமையா சாவட்டும். துணிய மட்டும் எப்டியாவது..." அதற்கு மேல் எனக்கே சொல்லத் தெரியவில்லை.

அம்மாவுக்காகச் சொல்வதாகத்தான் சொன்னேன். அவன் அதை நம்பினானா என்று தெரியாது. என்னைப் படிக்க அவனுக்கு முத்திரை தேவையில்லை. "கல்யாணம் என்னைக்கி?" என்று கேட்டான். சொன்னேன். தலையாட்டினான். காலைப் படகிலிருந்து எடுத்தான். வலது கையில் சுற்றியிருந்த துணியை மெதுவாகப் பிரித்தான். உள்ளங்கை முழுக்க வெடிப்பு, சில இடங்களில் சிவப்பாகத் தெரிந்தது. துணியை நாலாக மடித்து என்னிடம் நீட்டினான்.

"இந்தா. கை கட்டின துணிதான். எண்ணெயும் கீது."

கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கிண்டல் வராது. வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். படகுக்காரர் பாதி தூரம் துடுப்புப் போட்டுவிட்டு, "நீயெல்லாம் படிச்ச பொண்ணாம்மா?" என்று மட்டும் கேட்டார். ஓரணாவை நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி வர ஜட்கா கிடைக்கவில்லை, நடந்தேன். 2.40 வண்டி. ஸ்டேஷன் ஜன்னலில் எட்டணாவையும் நீட்டினேன். எத்தனை என்று கேட்டார் டிக்கெட் கொடுப்பவர். ஒன்று என்றேன். மீதி நாலணாவைத் தள்ளினார். அந்த நாலணா வழியெல்லாம் என் கைக்குள்ளேயே இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்றே முக்கால். அம்மா விழித்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் இருந்தார்கள். துணியை எடுத்து அவள் கையில் வைத்தேன். அந்தப் பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். அம்மா அதை மூக்கருகே கொண்டுபோனாள். முகர்ந்து பார்த்தாள். பிறகு அவர்களை வெளியே போகச் சொன்னாள்.

"உப்பு," என்றாள். அப்புறம், "பையக் காட்டு."

காட்டினேன். இரண்டு பொட்டலமும் கட்டியபடி இருந்தன. எனக்கு அதுவரை அந்த நினைவே இல்லை. அவனும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

"புள்ளைக்குச் சோறு கூட குடுக்கலியாடி?"

அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் இந்த முத்திரையும் அந்த முத்திரையும் வேறு என்று கண்டுபிடிக்க எழுத்து எதற்கு? வெள்ளை நூலையும் கறுப்பு நூலையும் கட்டியவள் அவள்தானே. பட்டத்து நாளிலிருந்தே முத்திரை மாறிவிட்டதால், அவன் பட்டம் வாங்கவில்லை என்பதும் அவளுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. தெருவுக்காக வாயை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். சாகும் நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி துணியைக் கேட்டாளே, அது துணிக்காக இல்லை. துணி வேண்டுமென்றால் அவன் வந்துதானே ஆக வேண்டும்?

"கூட இட்டுகினு வருவன்னு நெனச்சேன்," என்றாள். "காலைல மொத வண்டிக்குப் போய் இட்டுகினு வா."

சரி என்றேன். விடிவதற்கு முன்பே அம்மா போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலையே அடக்கம். துணியை அவள் கைகளில் கட்டினார்கள். தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதை முத்தமிட்டார்கள். உப்பளத்துத் துணியை. மஞ்சளாக இருக்கிறதே, அதுதான் பரிசுத்த எண்ணெய் என்று ஒரு பெண் தன் மகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நைனா அழுதுகொண்டே, "நம்ம சாமி இருந்து பூசை வைக்கக் குடுத்து வைக்கலியே," என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

சனிக்கிழமை அதே 7.25 வண்டியில் போனேன். படகுத்துறையில் அதே ஆள். என்னைப் பார்த்ததும் கயிற்றை அவிழ்க்கவே இல்லை.

"இல்லம்மா. நீ போன அன்னிக்கே பூட்டாரு. வடக்க பழவேற்காட்டுப் பக்கம் போன உப்புப் படகுல ஏறிட்டாரு. எங்கன்னு கேட்டேன். இனிமே அம்மாவுக்குப் பொய்யா கடுதாசி எயுத முடியாதுன்னாரு. அவ்ளோதான்."

ஈஸ்டர் முடிந்து எனக்குக் கல்யாணம் நடந்தது, துக்க வீடு என்பதால் மேளம் மட்டும் இல்லை. யானைக்கவுனி வீட்டில் கடைசி வரை என்னைச் சாமியாரின் தங்கை என்றுதான் சொன்னார்கள். நைனா உயிரோடு இருந்த ஆறு வருடமும், மாதம் ஒரு முறை ராயபுரம் போய் அண்ணன் கடிதம் என்று ஒரு காகிதத்தைப் பார்த்து அவருக்குப் படித்தேன். எழுதியதும் நான்தான். மலை மக்களைப் பற்றி அண்ணனைவிட நன்றாகவே எழுதினேன். பழவேற்காடு, சூளூர்ப்பேட்டை, அந்தக் கால்வாய் ஓரத்து ஊர்கள் எல்லாவற்றிலும் பிற்பாடு தேடியிருக்கிறேன். இந்த வலைப்பூவில் நீங்கள் பார்க்கிற பயணங்களில் பாதி அப்படித் தொடங்கியவைதான். அவன் கிடைக்கவில்லை. பாத்தியில் குப்புற விழுந்தால் தூக்க ஆள் இருந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

இனி போக நினைப்பவர்களுக்கு. கடற்கரை ஸ்டேஷனிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் மின்சார வண்டிகள் எண்ணூரில் நிற்கும். காலை ஏழரைக்குள் கிளம்பினால் வெயிலுக்குத் தப்பலாம். ஜன்னலோரம் உட்காருங்கள், இப்போது கரி விழாது. முகத்துவாரத்துக்கு ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ கிடைக்கும், ஏறுவதற்கு முன்பே பேசிவிடுங்கள். நான் பார்த்த உப்பளம் இப்போது இல்லை. இருந்த இடத்தில் சாம்பல் கலந்த சேறுதான் இருக்கிறது, வாய்க்கும் மூக்குக்கும் துணி கட்டிக்கொண்டு போங்கள். குடிக்கத் தண்ணீர் கையோடு வேண்டும். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் அங்கேயே பிரித்துச் சாப்பிட்டுவிடுங்கள், திருப்பிக் கொண்டுவராதீர்கள்.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு இவ்வளவு போதும். யாரையாவது கூட்டிவரப் போகிறவர்களுக்கு இன்னும் ஒன்று. திரும்பி வர இரண்டு டிக்கெட்டுக்குக் காசு எடுத்துப் போங்கள். ஜன்னலில் எத்தனை என்று கேட்பார்கள். இரண்டு என்று சொல்லுங்கள்.